செவெரியானோ பூட்ஸ் போட்டுவிட்டார்

பூட்ஸுக்குள் காலைத் திணித்தபடியே கோழிகளிடம் பேசிக்கொண்டிருக்கிறார் செவெரியானோ. "எங்க வீட்டுல அடுப்பு இருக்கு, மூணு கல்லும் இருக்கு, தணல்தான் இல்ல. உங்க வீட்டுல ஒரு தணல் கேட்டு வந்திருக்கோம்." கோழிகள் பதில் சொல்வதில்லை. அது அவருக்குப் பிடிக்கும். பெண்ணைப் பெற்றவர்களும் முதல் இரண்டு நடைக்குப் பதில் சொல்லக் கூடாது என்பதுதானே வழக்கம்.

மற்ற நாளெல்லாம் அவர் செருப்புக்கால் சோளக்காட்டுக்காரர். யாருக்காவது பெண் கேட்கப் போகும் அன்று மட்டும் பூட்ஸ். தன் கல்யாணத்துக்கு வாங்கியது. கால் வளர்ந்ததோ தோல் சுருங்கியதோ, போட அரைமணி ஆகும். சரளைச் சரிவில் அந்த டொக் டொக் கேட்டதும் வயசுப் பெண் உள்ள வீடுகளில் அம்மாக்கள் வேலிக்கு ஓடி வருவார்கள். "செவெரியானோ பூட்ஸ் போட்டுட்டாருடி!" என்று வேலிக்கு வேலி சேதி போய்விடும். தன்னை யாரும் கவனிக்கவில்லை என்ற நினைப்பில் அவர் மட்டும் பதுங்கிப் பதுங்கி நடப்பார்.

அன்று வீட்டில் மிளகாயைத் தொடமாட்டார், தொண்டைக்கு ஆகாதாம். பெண் வீட்டில் கொடுக்கும் மிளகாய்க் குழம்பை மட்டும் மறுத்ததில்லை. இருபது வருஷத்தில் நாற்பது கல்யாணம் முடித்துவைத்திருக்கிறார். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். அதைப் பற்றிப் பேசமாட்டார். பேச்சு ஊர்ப் பாஷையான அமுஸ்கோவில்தான் இருக்க வேண்டும். "ஸ்பானிஷ்ல பொண்ணு கேட்டா கழுதைக்கு விலை கேட்ட மாதிரி இருக்கும்" என்பார்.

மூன்றாம் நடையின் கடைசி வாக்கியத்தில்தான் எந்த அப்பனும் சாய்வான்: "குடுத்தா உங்க அடுப்பு அணைஞ்சிடாது." பிறகு சுரைக்குடுக்கையில் நீட்டும் கரும்புச் சாராயத்தை அப்பன் குடித்தால் சம்மதம். குடித்துவிட்டுத் தொப்பியால் முகத்தை மூடிக்கொள்ளும் அப்பன்களைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு. "சாராயம் காரமாம்! இவனுங்கல்லாம் ஆம்பளைங்க!" என்று வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டுவார். மனைவி ஹோவிதா சிரிப்பாள். மகள் நெரெய்தா தறியிலிருந்து தலை தூக்காமலே சிரிப்பாள்.

போன மாசம் ரொட்டிக்காரர் மகனுக்கு அந்த நெரெய்தாவையே கேட்டு வந்தார்கள். ஊரில் பெண் கேட்கத் தெரிந்த ஒரே வாய் பெண் வீட்டில் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது? பையனின் மாமா கிறிஸ்பின் மாட்டிக்கொண்டார். பக்கத்து டவுனுக்கு வேன் ஓட்டுபவர், நாளெல்லாம் "ஓமெதெபெக், ஓமெதெபெக், இன்னும் ரெண்டே இடம்!" என்று கூவிப் பழகிய தொண்டை.

ஒரே மகள். கொடுக்க மனசே இல்லை செவெரியானோவுக்கு. முதல் இரண்டு நடையும் சந்தோஷமாக வாயை மூடிக்கொண்டிருந்தார். மூன்றாம் நடையில் கிறிஸ்பின் உளறினால் பேச்சு முறிந்துவிடும். உளறவும் செய்தார்.

"எங்க வீட்டுல மூணு... மூணு இடம்..."

"கல்லு," என்றார் செவெரியானோ, தரையைப் பார்த்தபடி.

"ஆங், கல்லு இருக்குண்ணே. பொண்ணுதான் இல்ல."

"தணல் இல்லைய்யா! பொண்ணுன்னு பச்சையாவா சொல்லுவாங்க? தள்ளு அந்தப் பக்கம்!"

தொண்டையைச் செருமிக்கொண்டு முதலிலிருந்து அவரே ஆரம்பித்தார். நாற்பது வீட்டில் சொன்னதைவிட நன்றாகவே சொன்னார். ரொட்டிக்காரர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏங்க, நீங்க யாரு கட்சி?" என்றாள் ஹோவிதா அடுப்படியிலிருந்து.

அப்போதுதான் உறைத்தது. கடைசி வாக்கியம் மட்டும் பாக்கி. நாற்பது அப்பன்களிடம் கூசாமல் சொன்னது, தன் வீட்டில் சொல்லப் போனால் பச்சைப் பொய்யாகத் தெரிந்தது. கிறிஸ்பினுக்கு அது செத்தாலும் வராது. யாரும் சொல்லாவிட்டால் நெரெய்தா இந்த வீட்டிலேயே இருப்பாள். செவெரியானோ வாயை மூடிக்கொண்டார்.

முற்றத்து மாமரத்தில் ஒரு முனையைக் கட்டி நெய்துகொண்டிருந்த இடுப்புத்தறியின் சத்தம் நின்றது. கோழிகளோடு சேர்ந்து சின்ன வயசிலிருந்து அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவள் அவள்.

"குடுத்தா உங்க அடுப்பு அணைஞ்சிடாதுப்பா," என்றாள் நெரெய்தா.

கிறிஸ்பின் பயந்து பயந்து குடுக்கையை நீட்டினார். செவெரியானோ கொஞ்ச நேரம் கோழிகளைப் பார்த்தார். பிறகு வாங்கி, ஒரே மடக்கில் குடித்துவிட்டு, தொப்பியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.