நிந்தவூர் மாப்பிள்ளையின் துவக்கு லைசன்ஸ்

மதியம் சாப்பாட்டுப் பொதியை அவிழ்ப்பதற்கு முன் என்னோடு வேலை செய்யும் கூட்டாளி பிரையன், தோட்டாவோடு இடுப்பிலிருக்கும் துவக்கைக் கழற்றி உப்புக் குப்பிக்குப் பக்கத்தில் வைப்பான், நாங்கள் வீட்டுப் பூட்டின் திறப்புக் கோர்வையை வைப்பதுபோல. இந்த நியூ ஹாம்ஷயர் மாநிலத்துக்கு வந்து பதினொரு வருடமாகிறது. பனிக்குப் பழகிவிட்டேன், மரக்கட்டை போல் கடிபடாத பாணுக்கும் பழகிவிட்டேன், இதற்கு மட்டும் பழகவில்லை. உப்பு வேண்டுமென்றால் இன்றைக்கும் அவனிடம்தான் எடுத்துத் தரச் சொல்வேன்.

வெட்கக்கேடு என்னவென்றால், அதே சாமான் ஒன்று என் இடுப்பிலும் தொங்குகிறது. ஆறு வருடம் ஒரு குளிர்க் களஞ்சியத்தில் உறைந்த மீன்பெட்டி தூக்கினேன். கடற்கரையில் பிறந்தவன் மீனால் கெட்டான் என்றால் ஊரில் சிரிப்பார்கள். இழுப்பு வந்து நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கியதும், இனி அந்தக் குளிருக்குள் போகவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அப்போது கிடைத்ததுதான் ஆஸ்பத்திரி மருந்து ஏற்றும் லொறிக்குக் காவல் போகும் வேலை. லொறி எங்கள் மாநிலத்தில் புறப்பட்டு, மாசசூசெட்ஸை ஊடறுத்து, ரோட் ஐலண்டுக்குப் போகும், அந்த எல்லையில் வேறொருவன் காவலுக்கு ஏறுவான். எங்கள் மாநிலத்தில் துவக்கைச் சுமக்க யாரும் பெரிதாகக் கடிதாசி கேட்பதில்லை. நடுவிலிருக்கும் மாநிலம் கேட்கும். அங்கே குடியிராதவனுக்கென்று தனியாக ஒரு நொன்-ரெசிடென்ட் லைசன்ஸ் எடுக்க வேண்டும். ஆறு கிழமைக்குள், அதாவது ஒன்றரை மாதத்தில், எடுக்காவிட்டால் பழையபடி மீன்பெட்டிதான் என்று மனேஜர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

எல்லை என்றால் எனக்குத் தெரிந்தது மணல்மூட்டை அடுக்கிய ஆமிக் காவலரண். யுத்த காலத்தில் நிந்தவூரிலிருந்து கல்முனைக்குப் போகும் அந்தக் குறுகிய தூரத்துக்குள் எத்தனை தரம் பஸ்ஸை விட்டு இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்து, வரிசையில் நடந்து, மறுபடி ஏறியிருப்பேன். என்னிடம் ஒன்றுமில்லை என்று காட்டுவதிலேயே இளமை போய்விட்டது. இங்கே எல்லையில் நல்வரவுப் பலகை ஒன்று நிற்கிறது, சுற்றிலும் மரம். பலகைக்கு இந்தப் பக்கம் நான் கண்ணியமான காவலாளி, அந்தப் பக்கம் மறியல் கம்பிக்குள் போக வேண்டியவன். தடவிப் பார்க்க ஒரு ஆள்கூட இல்லை. அப்படிப்பட்ட எல்லையை நம்பவே எனக்குப் பயமாக இருந்தது.

மாசசூசெட்ஸ் லைசன்ஸ் கந்தோரில் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி என் கடிதாசிகளைப் புரட்டினார். சுடப் பழகிய சான்றிதழ் சரி, கைரேகை சரி, கொம்பனிக் கடிதம் சரி. சொந்த மாநிலத்தில் குடியிருப்பதற்கு அத்தாட்சியாகச் சாரதி அட்டை மட்டும் போதாது, வீட்டுக்கு வரும் பில் ஒன்றும் வேண்டும் என்றார். கரண்ட் பில்லைக் கொடுத்தேன். அதில் என் மனைவி பரீதாவின் பெயர். தண்ணீர் பில், வீட்டு வரி, எல்லாவற்றிலும் பரீதா. அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்கள் மனைவி உங்களை வீட்டைவிட்டு வெளியேற்றியிருக்கிறாரா?"

"இன்னும் இல்லை" என்றேன். பகிடி விட்டதாக நினைத்தேன். அவர் அதை எழுதிக்கொண்டார்.

அதன்பிறகு அரைமணி நேரம் நான் விளங்கப்படுத்தினேன். எங்கள் ஊர்க் கரையில் வீடு பெண்ணுக்குத்தான். வாப்பாமார் பாடுபட்டுக் கட்டுவது மகளுக்கு. ஆண்பிள்ளை கலியாணம் முடித்ததும் உடுப்புப் பெட்டியோடு பெண்சாதி வீட்டுக்குப் போய்விட வேண்டும். நான் அப்படி மருதமுனைக்குப் போனவன். அங்கிருந்த ஐந்து வருடமும் தெருவில் என் பெயர் 'நிந்தவூர் மாப்பிள்ளை'. இங்கே வீடு வாங்கியபோது யார் பெயரில் என்று தரகர் கேட்டார். எனக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. பெண்சாதி இருக்க வேறு யார் பெயரில் வீடு எழுதுவது? பரீதாவுக்கு ஆய்வுகூடத்தில் நிரந்தர வேலை, கடனும் அவள் பெயரிலேயே எடுத்தோம். அம்மணி பொறுமையாகக் கேட்டுவிட்டு, மனைவி துரத்தினால் எங்கே போவீர்கள் என்றார். உம்மா வீட்டுக்கு என்றேன். அது யாருடையது என்றார். அது தங்கச்சிக்குக் கொடுத்தாயிற்று என்றேன். அவர் முகத்தில் முதல்முறையாக இரக்கம் தெரிந்தது. கணவர் தன் வீட்டில்தான் இருக்கிறார் என்று மனைவி எழுதி, அத்தாட்சி அதிகாரி முன் கையெழுத்து வைத்துக் கொண்டுவரச் சொன்னார்.

இரண்டு வரிக் கடிதம், இது என்ன பெரிய வேலை என்று வீட்டுக்கு வந்தேன். பரீதா மாட்டேன் என்றாள்.

"நீங்க இஞ்ச இரிக்கிறீங்கண்டு நான் எழுதிக் குடுத்தா, துவக்கும் இஞ்சதான் இரிக்கிண்டு அவங்கட கொப்பியில விழும். எண்ட வீட்டு விலாசத்தத் துவக்குக்குக் குடுக்கமாட்டன்."

அவளுடைய வாப்பா வயலைக் காட்டுப்பன்றியிடமிருந்து காக்க லைசன்ஸோடு ஒரு துவக்கு வைத்திருந்தவர். பரீதாவுக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது, துவக்கு இருக்கும் வீடு என்று யாரோ சொல்லி, அதைக் கேட்டு ஆயுதத்தோடு சிலர் வந்தார்கள். துவக்கை எடுத்துக் கொடுத்த, அவளோடு பிறந்த மூத்த காக்காவையும் கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டும் திரும்பி வரவில்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்குக் கோபம் வந்தது. பதினாறு வருடம் கூட இருந்தவனுக்கு, இவன் இங்கேதான் இருக்கிறான் என்று எழுதித்தர மனமில்லையா என்று கத்தினேன். மூன்று நாள் வீட்டில் கறிக்கு உப்புமில்லை, பேச்சுமில்லை.

ஐந்தாவது கிழமை முடிய, களஞ்சியத்துக்கே திரும்புவது என்று முடிவெடுத்தேன். மூலையில் கிடந்த தடித்த குளிர் ஜக்கெட்டை உதறி எடுத்து வாசல் கொழுக்கியில் மாட்டினேன். தூசிக்கே இருமல் வந்துவிட்டது. இருமல் கேட்டுப் பரீதா வந்து ஜக்கெட்டையும் என்னையும் பார்த்தாள்.

"அத எடுத்து உள்ள வைங்க" என்றாள். "பேனையத் தாங்க."

தன் கையாலேயே ஆங்கிலத்தில் எழுதினாள். இவர் என் கணவர், என்னுடைய வீட்டில் குடியிருக்கிறார் என்பது முதல் வசனம். இவருடைய துவக்கு இந்த வீட்டில் இல்லை, நான் உயிரோடு இருக்கும்வரை இருக்கவும் மாட்டாது என்பது இரண்டாவது. கந்தோர் அம்மணி இரண்டு தரம் வாசித்தார். இரண்டாவது வசனம் அவசியமில்லை என்றார். அது இல்லாமல் அவள் கையெழுத்து வைக்கமாட்டாள் என்றேன். அப்படியானால் துவக்கு எங்கே இருக்கிறது என்று கேட்டார். கொம்பனியின் இரும்பு அலுமாரியில் என்று சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார்.

லைசன்ஸ் கடைசிக் கிழமையில் தபாலில் வந்தது. இந்த வீட்டுக்கு என் பெயர் போட்டு வந்த முதல் அரசாங்கக் கடிதம் அதுதான். அட்டையில் கொட்டை எழுத்தில் நொன்-ரெசிடென்ட் என்றும், அதற்குக் கீழே எங்கள் வீட்டு விலாசமும் இருந்தன. நான் இங்கேதான் குடியிருக்கிறேன் என்பதற்கு இன்றைக்கு என்னிடமுள்ள நல்ல அத்தாட்சி, நான் இன்னோரிடத்தில் குடியிராதவன் என்ற இந்த அட்டைதான். சந்தோஷத்தில் பரீதாவிடம் நீட்டினேன். அவள் தொடவில்லை.

"இதுவும் துவக்கோட சேர்ந்ததுதானே. வெளியில வைங்க."

கொண்டுபோய்க் காரின் முன்தட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, பனியை உதறிக்கொண்டு திரும்பி வந்தேன். மேசையில் நான் கிழித்துப் போட்டிருந்த கடித உறையை அவள் நீவி, என் பெயர் மேலே தெரிய மடித்து, வீட்டு உறுதிப் பத்திரம் இருக்கும் அலுமாரி லாச்சிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.