அக்காவை அளவெடுத்த நாற்காலி

எங்கள் பட்டறையில் உப்புத்தாள் அண்ணன் என்று ஒருவர் இருக்கிறார். மெஷின் குடைந்து தள்ளும் மரத்தை உப்புத்தாளால் தேய்ப்பார், கன்னத்தை வைத்துப் பார்ப்பார், மறுபடி தேய்ப்பார். வாயில்லாப் பூச்சி. யார் என்ன சொன்னாலும் "சரி" என்பார். எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

இருபத்திரண்டு வருடம் ஊருக்கெல்லாம் நாற்காலி தேய்த்தவர் வீட்டில் ஒரு நாற்காலி கிடையாது. அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, தரையில்தான் உட்காருவார். போன வருடம் அக்காவுக்கு முட்டி மடங்க மறுத்துவிட்டது. கடையில் ஒன்று வாங்கலாமே என்றால், "நாற்காலிக்காரன் பொண்டாட்டி கடை நாற்காலியிலயா உக்காருவா?" என்று அக்காவுக்கு ரோஷம். சுவரில் சாய்ந்து நின்றுகொண்டே சாப்பிட்டார்.

எங்கள் டிசைனர் மேடம் மனித உடம்பை ஸ்கேன் செய்து, அந்த வளைவுகளை அப்படியே மரத்தில் குடைய வைப்பவர். விஷயம் காதில் விழுந்ததும், "கூட்டிட்டு வாங்க. முதல் நாற்காலி அவங்களுக்குத்தான்" என்றார்.

அக்காவை ஸ்டூலில் உட்காரவைத்து, சுற்றிலும் நாலு கேமரா வைத்தோம். அந்த நேரம் பார்த்து, இடப்பக்கம் நின்ற அண்ணன், சாப்பாட்டு டப்பாவை பஸ்ஸிலேயே விட்டுவிட்டதைச் சொன்னார். அக்கா இடுப்பை முறுக்கித் திரும்பி, கழுத்தை நீட்டி, வலது கையை ஓங்கினார். நாலு கேமராவும் அதைத்தான் பிடித்தன. "இன்னொரு தடவை எடுக்கலாமா?" என்றேன். "வேணாம், இதுலதான் உயிர் இருக்கு" என்றார் மேடம்.

மெஷின் இரண்டு நாள் குடைந்தது. அண்ணன் ஒரு வாரம் தேய்த்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது. யார் உட்கார்ந்தாலும் இடுப்பு இடப்பக்கம் முறுக்கிக்கொள்ளும், கை மேலே போகும், வாய் தானாகத் திறக்கும். மேனேஜர் உட்கார்ந்து, பக்கத்திலிருந்த தண்ணீர் கேனை ஐந்து நிமிடம் திட்டினார். பார்க்க வந்த ஒரு தம்பதி மாறி மாறி உட்கார்ந்துவிட்டுத் தனித்தனி வண்டியில் போனார்கள். நான் என் மாமனாரைத் திட்டினேன். அவர் அங்கே இல்லைதான், ஆனாலும் மனசுக்கு இதமாக இருந்தது.

மேடத்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "இது கண்காட்சிக்குப் போகுது. அக்காவுக்கு அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்.

"சரி" என்றார் அண்ணன்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, தேய்ச்சது சரியா இருக்கான்னு ஒரு தடவை உக்காந்து பாருங்க" என்று நானே அவரைப் பிடித்து உட்காரவைத்தேன். மேடத்தை இடப்பக்கம் நிற்கச் சொன்னேன்.

அண்ணன் கை ஓங்கியது. "என் பொண்டாட்டி ஒரு வருஷமா நிக்கறா! அவ உடம்பை அளவெடுத்துட்டு, நீங்க கண்காட்சி வைக்கறீங்களா?" இருபத்திரண்டு வருடத்துப் பாக்கியையும் சேர்த்துக் கொட்டினார். மேடம் போய், நாற்காலியை அக்கா வீட்டுக்கு அனுப்ப வண்டிக்குச் சொன்னார்.

வீட்டில் அக்கா உட்கார்ந்தார். இடுப்பு, முதுகு, ஓங்கிய கையின் முழங்கை எல்லாம் அதனதன் பள்ளத்தில் போய்ப் படிந்தன. அண்ணன் இடப்பக்கம் திட்டு வாங்கத் தயாராக நின்றார். ஒரு வார்த்தை வரவில்லை. அக்கா கைப்பிடியைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"ஏங்க, உங்களைப் பார்த்தா நான் இப்படியா இருப்பேன்?"

"ஆமா" என்றார் அண்ணன்.

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "வேற ஒண்ணு செய்யச் சொல்லுங்க. நான் கோவமில்லாம உக்காந்து காட்டறேன்."

மறுநாளே வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். அண்ணன் பக்கத்தில் வந்ததும் இடுப்பு முறுக்கிக்கொண்டது. மேடம் அண்ணனை வெளியே அனுப்பினார். இப்போது அக்கா கையை எங்கே வைப்பது, காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெளிந்தார். நாலு தடவை எடுத்தும் ஒன்றும் தேறவில்லை.

"சும்மா வீட்டுல இருக்கற மாதிரி இருங்களேன்" என்றார் மேடம்.

அக்கா எழுந்துவிட்டார். "அவர் இல்லாம எப்படி உக்காரறதுன்னு எனக்குத் தெரியலையே, மேடம். அந்த நாற்காலியே இருக்கட்டும்."