என் நெற்றி தரையைத் தொட்ட அஸர் நேரம்

என் அன்புச் சகோதரிகளுக்கு ஸலாம். படைத்தவன் எனக்குச் செய்ததை நடந்தபடியே சொல்கிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

போன வருஷத்துக்கு முந்தின ஐப்பசி மழையில், முத்துப்பேட்டையில் எங்கள் வீட்டுக் கொல்லைப் பாசியில் கால் வழுக்கி விழுந்தேன். இடுப்பு சிமெண்டுத் தரையில் மோதிய சத்தம் எனக்கே கேட்டது. தஞ்சாவூருக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பில் முறிவு இல்லை, சதையில்தான் அடி, கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள் என்றார் டாக்டர்.

அந்தக் கொஞ்ச நாள் எனக்கு முடியவே இல்லை. மழை ஓய்ந்தது. சம்பா அறுவடை முடிந்தது. நான் கட்டிலிலேயே கிடந்தேன். குனிந்தால் இடுப்பில் ஊசி இறங்கியது போல இருக்கும். வலிக்குப் பயந்து குனிவதை விட்டேன். பிறகு நடப்பதையும் விட்டேன். மகன் துபாயில். அவன் மனைவி ரிஹானாதான் எனக்குச் செருப்பு மாட்டிவிடுவாள். பத்து ஆட்களுக்குச் சோறாக்கிய கை இது. இப்போது ஒரு சொம்புத் தண்ணீருக்கு அடுத்தவரைக் கூப்பிட்டது. என் உடம்பு கெட்டுவிட்டது, இனிமேல் இவ்வளவுதான் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

எல்லாவற்றிலும் பெரிய வேதனை தொழுகையில்தான். நாற்காலியில் உட்கார்ந்து தொழுதேன். முடியாதவருக்கு மார்க்கம் கொடுத்த சலுகை அது. அதில் ஒரு குறையும் இல்லை, எனக்கும் தெரியும். ஆனாலும் நெற்றியைத் தரையில் வைக்க வேண்டிய ஸஜ்தாவுக்குத் தலையை மட்டும் தாழ்த்தும்போது மனசு ஆறவில்லை. உம்மா மௌத்தாகி எங்களை விட்டுப் போன அன்றும், மகன் விமானம் ஏறிய அன்றும் நான் தரையில் நெற்றி வைத்துத்தான் அழுதேன். அந்த இடம் எனக்கு இல்லாமல் போனது. ரமலானில் பக்கத்து வீட்டில் பெண்கள் கூடித் தொழுதார்கள். நான் போகவில்லை.

ஒருநாள் விடியற்காலை ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும் நாற்காலியில் இருந்தபடியே துஆவுக்குக் கையேந்தினேன். "யா அல்லாஹ், வலியே இல்லாத உடம்பு நான் கேக்கல. என் நெத்தியத் தரையில வைக்க விடு, அது போதும்" என்று அழுதேன்.

அந்த வாரமே ரிஹானா என்னைப் பட்டுக்கோட்டைக்குப் பஸ்ஸில் அழைத்துப் போனாள். அங்கே உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண்ணைப் பற்றி யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். மாத்திரை இல்லாமல் என்ன வைத்தியம் என்று வழியெல்லாம் முணுமுணுத்தேன். என் துஆவின் பதிலை நோக்கித்தான் அந்தப் பஸ் போகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பெண்ணின் பெயர் சரண்யா. "தரையில உக்காந்து எவ்வளவு நாளாச்சும்மா?" என்று கேட்டாள்.

"உக்காந்தா எந்திரிக்க முடியாதும்மா."

"யாரு சொன்னா?"

யோசித்துப் பார்த்தேன். எந்த டாக்டரும் சொல்லவில்லை. எனக்கு நானே சொல்லிக்கொண்டதுதான்.

"சரி, உங்களுக்கு எது திரும்ப வரணும்? நடக்கணுமா, வேலை செய்யணுமா?"

ஸஜ்தா என்றேன். அவளுக்குப் புரியவில்லை. ரிஹானா அங்கேயே தரையில் இறங்கிச் செய்து காட்டினாள். சரண்யா சுற்றி வந்து பார்த்தாள். "கணுக்கால், முட்டி, இடுப்பு மூணும் மடங்கணும். ஒவ்வொண்ணாப் புடிப்போம். வலி இருக்கும். ஆனா வலிக்கிறதெல்லாம் உடையுறது இல்லம்மா" என்றாள்.

படுத்தபடி முட்டியை மடக்குவதில் ஆரம்பித்தேன். பிறகு கையூன்றாமல் கட்டிலிலிருந்து எழுவது. மாலையில் என் வீட்டுக்காரரோடு கோரையாற்றங்கரையில் நடப்பது. முதல் நாள் எங்கள் தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை. அவர் வேகமாக நடப்பவர். எனக்காகக் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார். யாராவது கேட்டால், "எனக்குத்தான் சுகர், நடக்கச் சொல்லியிருக்காங்க" என்பார்.

பிறகு மெத்தையில் மண்டியிட்டு, அடுக்கிய தலையணைகளின் மேல் தலை சாய்ப்பது. பழகப் பழக ஒவ்வொரு தலையணையாக எடுக்க வேண்டும்.

கொஞ்சம் தேறியதும் எனக்கு அவசரம் வந்தது. ஒரே நாளில் இரண்டு தலையணைகளை எடுத்துவிட்டேன். மறுநாள் திரும்பிப் படுக்க முடியவில்லை. "பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்ல, இது தேறாத உடம்பு" என்று எல்லாரிடமும் கோபப்பட்டேன். ரிஹானா போனைப் போட்டு என் காதில் வைத்தாள்.

"வலி வந்ததுல தப்பில்லம்மா," என்றாள் சரண்யா. "நேத்து கூடுதலாப் பண்ணிட்டீங்க, இன்னிக்குக் கம்மியாப் பண்ணுங்க. நிறுத்த மட்டும் நிறுத்திடாதீங்க."

அன்று மாலை வீட்டுக்காரரிடம் கேட்டேன். "அல்லாஹ் குடுக்கிறதா இருந்தா இவ்வளவு மெதுவாவா மச்சான் குடுப்பான்?"

"நேத்தைக்கு உனக்கு எது முடியலயோ, அதுல கொஞ்சத்த இன்னிக்குக் கேளு மைமூன். மொத்தத்தையும் ஒரே நாள்ல கேக்காத" என்றார்.

அதற்குப் பிறகு என் துஆ மாறியது. "இன்று என் தலை இன்னும் ஒரு விரற்கடை, ஒரு விரல் அகலம், கீழே இறங்கட்டும்" என்று கேட்டேன். அவன் கொடுத்தான். சில நாள் கொடுக்கவில்லை. மறுநாள் மறுபடியும் கேட்டேன்.

குறுவை நடவு நடந்துகொண்டிருந்த சமயம். மெத்தையில் கடைசித் தலையணையும் போய்விட்டிருந்தது. ஒருநாள் பிற்பகல் அஸர் தொழுகைக்கு நாற்காலியை எடுக்காமல் தரையில் விரிப்பைப் போட்டேன். நின்றேன், ருகூவில் குனிந்தேன். முட்டியை மெதுவாக இறக்கி, உள்ளங்கையை ஊன்றி, தலையைக் கொண்டுபோனேன்.

நெற்றி தரையைத் தொட்டது.

கண்ணீரில் விரிப்பு நனைந்துவிட்டது. பிறகு எழப் பார்த்தேன். இடுப்பு வரவில்லை. பழைய பயம் முதுகில் ஏறியது. சமையலறையிலிருந்து ரிஹானா ஓடிவரும் காலடி கேட்டது. கூடவே என் வீட்டுக்காரரின் குரல், மெல்ல:

"விடும்மா, தொடாத. அவளே எந்திரிப்பா."

அந்த வார்த்தையில் எனக்கு மூச்சு வந்தது. சரண்யா சொன்னபடி கையை ஊன்றினேன், மூச்சை விட்டேன், எழுந்து உட்கார்ந்தேன். மறுபடி ஸஜ்தாவுக்குப் போனேன். தொழுகையை முடித்து, ஸலாம் கொடுத்துத் திரும்பிப் பார்த்தபோது ரிஹானா வாயைப் பொத்தி அழுதுகொண்டிருந்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

அல்ஹம்துலில்லாஹ். என் வலி முழுசாகப் போய்விடவில்லை. குளிர் நாளில் எட்டிப் பார்க்கும். இப்போது அதைப் பார்த்து நான் பயப்படுவதில்லை. கொல்லையைக் கூட்டுகிறேன், சமைக்கிறேன், இந்த ரமலானில் பக்கத்து வீட்டுப் பெண்களோடு தோள்சேர்ந்து நின்று தொழுதேன். பயிற்சியை ஒருநாளும் விடவில்லை.

சகோதரிகளே, உங்களில் யாராவது என்னைப் போலக் கட்டிலில் கிடந்து, நம்மால் இனி ஆகாது என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். கையேந்திக் கேளுங்கள், அவன் கேட்கிறான். கேட்ட கையைத் துடைத்துவிட்டு மறுபடி படுத்துவிடாதீர்கள். விவரம் தெரிந்தவரிடம் உடம்பைக் காட்டுங்கள். அவன் கொடுப்பது கொஞ்சமாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு அவன் அப்படித்தான் கொடுத்தான், ஒவ்வொரு விரற்கடையாக.