லிஃப்ட்காரரின் கறிக்காலம்

என் வீட்டுக்காரருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை. எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் மனிதர்களைப் பார்க்க மாட்டார். நேரே போய் லிஃப்ட் கதவில் காதை வைப்பார். என் அப்பாவிடம் என்னைக் கேட்க வந்த அன்றுகூட, எங்கள் லிஃப்ட் முனகுகிறது என்று கீழேயே நின்றுவிட்டார். காத்திருந்து அலுத்துப்போன அப்பா, "மாப்பிள்ளை கெணத்துல ஏதும் விழுந்துட்டாரா?" என்று கேட்டார். அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் லிஃப்டின் கூரையில் மாட்டிக்கொண்டார். லிஃப்ட் பெட்டியின் கூரையில் ஒரு சின்ன மூடி இருக்கும். ஆள் உள்ளே சிக்கிக்கொண்டால் அதைத் திறந்துதான் இறங்குவார்கள். இவர் இறங்கினார், கால்கள் வந்தன, இடுப்பு வந்தது, வயிறு வர மறுத்தது. உள்ளே சிக்கியிருந்த அலுவலகத்துப் பெண்கள், தலைக்கு மேலே ஆடிய கால்களைப் பார்த்துப் பயந்ததைவிடச் சிரித்ததுதான் அதிகமாம். நான் வீட்டில் துணி தைத்தும் திருத்தியும் கொடுக்கிறவள். அந்த வயிறு வளர்ந்த வரலாறு என் டேப்புக்குத் தெரியும்.

பாதுகாப்பு அதிகாரி கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "அடுத்த சோதனையில அதே மூடி வழியா இறங்கிக் காட்டுங்க. முடியலன்னா ஆபீஸ்ல போன் எடுக்கிற வேலைதான்." மனிதர் வீடே இடிந்து விழுந்த மாதிரி வந்து உட்கார்ந்தார். எனக்கோ வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அவர் அந்த இருட்டுக் குழிக்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நேரமெல்லாம், வீட்டில் போன் மணி அடித்தால் தையலை அப்படியே போட்டுவிட்டு ஓடுவேன். ஒளித்துவைக்காமல் சொன்னேன்.

"நாற்காலியில உக்காந்து வேலை பாருங்க. நானும் நிம்மதியா இருப்பேன்."

"நாற்காலி என்னைக்காவது மேல போகுமா, கீழ வருமா?" என்றார்.

ரத்தத்தில் சர்க்கரை ஏறிக்கிடக்கிறது, மாவுச்சத்தைக் குறையுங்கள் என்று டாக்டரும் சொன்னார். நம் ஆள்தான் எள் என்றால் எண்ணெயாக நிற்பவர் ஆயிற்றே. குறைக்கவில்லை, ஒரேயடியாக ஒழித்தார். சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு, பிஸ்கட் எல்லாம் வீட்டை விட்டு வெளியேறின. காலையில் வெண்ணெயில் முட்டை, மதியம் கறி, இரவு மதியத்துக் கறியின் தம்பி. டாக்டர் தலையைச் சொறிந்துவிட்டு, "அப்பப்ப ரத்தத்தைக் காட்டிட்டுப் போங்க" என்றார்.

முதலில் பட்டபாடு கொஞ்சமா? தலைவலி, கெண்டைக்காலில் பிடிப்பு, மூக்கு நுனியில் கோபம். தலை சுற்றாமலிருக்க உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு என்னை எதிரியைப் பார்ப்பது போலப் பார்ப்பார். பேக்கரியைத் தாண்ட முடியாமல் சுற்றுவழியில் வீட்டுக்கு வந்தார். எங்கள் மகள் குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு ரொட்டி தின்றாள். "அப்பா மோப்பம் பிடிக்கிறாரும்மா" என்று அழாத குறை. கழிப்பறை விஷயத்தை மட்டும் கேட்காதீர்கள். அங்கே அவர் வீரம் எடுபடவில்லை.

பிறகு ஒரு காலையில் சீட்டியடிக்கும் சத்தம் கேட்டது. அடுப்படியில் எனக்கு முன்பே எழுந்து நின்று முட்டை உடைத்துக்கொண்டிருந்தார். அன்று பிடித்தது பைத்தியம். படியெல்லாம் இரண்டிரண்டாக ஏறினார். குறட்டை நின்றது, நிசப்தத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை. கறிக்கடைக்காரர் இவருக்கென்று ஒரு ஸ்டூல் போட்டார். தெருப்பூனைகள் எல்லாம் எங்களோடு உறவு கொண்டாடின. வறுக்கிற கரண்டியும் கையுமாக என் இடுப்பைப் பிடித்துச் சுற்றுவார். "விடுங்க, எண்ணெ கொட்டுது" என்று சொல்லிக்கொண்டே நானும் சுற்றுவேன். டேப்பைச் சுற்றும்போது, "கொஞ்சம் இழுத்துப் பிடியேன்" என்று கெஞ்சுவார். "டேப் லஞ்சம் வாங்காது" என்பேன். ஆனாலும் அது குறைந்துகொண்டேதான் வந்தது. குறையக் குறைய அவருக்குச் சந்தோஷம், எனக்குப் பயம். அவரைப் பார்த்தால் மட்டும் சிரிப்பு வந்துவிடும்.

சோதனையன்று பரபரப்பில் சாப்பாட்டுக் கேரியரை மறந்துவிட்டுப் போய்விட்டார். எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் முன்பு மாட்டிக்கொண்ட அதே அலுவலகக் கட்டடம். வாசல் பக்கம் லிஃப்டில் 'உபயோகிக்காதீர்' என்று பலகை மாட்டியிருந்தார்களாம். நான் போனது கார் நிறுத்துகிற அடித்தளம் வழியாக. அங்கே பலகை இல்லை. ஏறினேன், பொத்தானை அழுத்தினேன். பாதி வழியில் ஒரு குலுக்கல், விளக்கு அணைந்தது, பெட்டி நின்றது.

தலைக்கு மேலே பேச்சுக் குரல். "என்னங்க!" என்று அலறினேன்.

"நீ எப்படி உள்ள வந்த?"

"உங்க சாப்பாடு..." என்றேன்.

சோதனைக்காக நிறுத்திய கரண்டைத் திரும்பப் போட்டார்கள். பெட்டி அசையவில்லை, விளக்கும் எரியவில்லை. "பிரேக் இறுகிடுச்சு சார். நான் இறங்கித்தான் கதவைத் திறக்கணும்" என்று இவர் சொல்வது கேட்டது. மூடி திறந்தது. டார்ச் வெளிச்சத்தில் கால்கள் வந்தன, இடுப்பு வந்தது. அந்த வயிறும் வந்துவிட்டது. நெஞ்சுக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

கால்கள் காற்றில் உதைத்தன. அதிகாரி, "போதும், மேல வந்துடுங்க. வேற ஆளக் கூப்பிடறேன்" என்றார்.

அவ்வளவுதான். நான் வாயைத் திறக்காமல் நின்றால் போதும். நாளையிலிருந்து அவருக்கு நாற்காலி, எனக்கு நிம்மதி. மேலேயிருந்து அவர் நசுங்கிய குரலில், "நீ பயப்படாத, தோ வந்துட்டேன்" என்றார். மாட்டிக்கொண்டிருந்தது அவர், பயப்பட வேண்டாம் என்று சொன்னது எனக்கு. எனக்கு அழுகை வந்துவிட்டது. டார்ச் வெளிச்சத்தில் அந்தக் கனமான வேலைச்சட்டை மட்டும் விளிம்பில் சுருண்டு தெரிந்தது.

"விட்டுடாதீங்க சார்!" என்று கத்தினேன். "உடம்பு மாட்டல, சட்டைதான் மாட்டுது. என்னங்க, ரெண்டு கையையும் மேல தூக்குங்க. மூச்ச முழுசா வெளிய விடுங்க. எடது பக்கமா திரும்பி, சட்டைய விட்டுட்டு வாங்க."

இறுக்கமான உடுப்பிலிருந்து எத்தனை பேரை உருவியிருக்கிறேன். வந்தார். என் மேலும் கேரியர் மேலும் சேர்ந்து விழுந்தார். இருட்டில் இரண்டு பேரும் எழுந்திருக்க முடியாமல் சிரித்தோம். கதவை இழுத்துத் திறந்தபோது வெளியே ஒரு அலுவலகமே நின்றிருந்தது: சட்டையில்லாத ஒரு ஆள், கண்ணீர் வடியச் சிரிக்கிற ஒரு பெண், உருண்டோடிய முட்டைகள். கூரை ஓட்டை வழியாக அதிகாரி சட்டையை நீட்டி, "பாஸ்" என்றார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இன்றும் அவர் குழிக்குள் இறங்குகிற நாளெல்லாம் போன் பக்கத்திலேயே உட்கார்ந்துதான் தைக்கிறேன். யாரையும் குறை சொல்லவும் வழியில்லை.

அன்று மாடிப்படியில் உட்கார்ந்து, தப்பிய கறியைச் சாப்பிட்டோம். பாதியில் நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"நீ பேசாம இருந்திருந்தா நான் ஃபெயில் ஆகியிருப்பேன்ல?"

"தெரியும்" என்றேன்.

"தெரிஞ்சேவா சொன்ன?"

"ஆறிடப் போகுது," என்றேன். "பேசாம சாப்பிடுங்க."