வத்தல்மலையில் சிசிடி, சிமாஸ், பர்வீன்

பர்வீன் பிப்ரவரியில் குடும்பத்தோடு மஸ்கட் போகிறாள் என்று தெரிந்ததும் கிளம்பிவிட்டோம். தருமபுரிக் கல்லூரியில் என்னோடு படித்தவள், துணிக்கடைக்காரர் மகள். பதினெட்டு வருடத்துக்கு முன் என் முதல் சம்பளத்தில் வாங்கிய கேமராவில், வத்தல்மலைச் சாலை வளைவு ஒன்றில் அவளைப் படமெடுத்தேன். அந்தப் படம் பழைய கம்ப்யூட்டரோடு போய்விட்டது. மஸ்கட் போவதற்குள் அதே இடத்தில், அதே கேமராவில் இன்னொன்று வேண்டும் என்றாள். "அந்தக் கலரு இப்ப எதுலயும் வர்றதில்லடி."

அந்தக் கேமராவில் ஒளியைப் பிடிப்பது ஆறு மெகாபிக்சல் சிசிடி சென்சார். வயதாகிவிட்டது. சூடேறினால் படம் முழுக்க ஊதாக் கோடு விழும், ஆறினால் சரியாகும். அதனால்தான் ஜனவரி, அதனால்தான் விடிகாலை. வாடகைக் கார் 1,800 ரூபாய். பேருந்து நிலையத்தில் 5.40க்கு ஏறினோம், 26 கிலோமீட்டர், 6.50க்கு மேலே இருந்தோம். விஷயத்தைக் கேட்ட ஓட்டுநர் முருகன், "அப்ப எட்டு மணிக்குள்ள எடுத்துருங்க மேடம். அப்புறம் வெயில் ஏறிக்கும்ங்க" என்றார்.

மேலே கடுகு பூத்துக் கிடந்தது. எனக்குக் கை சும்மா இருக்குமா? இந்த வலைப்பூவுக்காக சிமாஸ் என்ற வேறு வகைச் சென்சார் உள்ள என் புதுக் கேமராவையும் பழையதையும் முக்காலியில் மாற்றி மாற்றி வைத்தேன். சிசிடியில் ஒவ்வொரு புள்ளியிலும் விழுந்த வெளிச்சத்தின் அளவு வரிசையாகக் கைமாறி ஒரு மூலைக்கு வந்துதான் படிக்கப்படும். சிமாஸில் அந்தந்தப் புள்ளியிலேயே படித்துவிடலாம். வேகம் அதிகம், பேட்டரியும் குறைவாகத் தின்னும். கடுகு வயலோரப் பலா மர நிழலில் சிசிடி தந்தது வெறும் இருட்டு, சிமாஸில் சருகுவரை தெரிந்தது. ஆனால் வெயில் பட்ட அந்த மஞ்சள்! நிறம் சென்சாரால் வருவதில்லை, கேமரா அதைப் பக்குவப்படுத்தும் விதத்தால் வருவது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். பழைய திரையைப் பார்த்ததும் எனக்கு இருபத்திரண்டு வயது திரும்பிவிட்டது.

"வளைவுக்குப் போலாமாடி?" என்று பர்வீன் மூன்று தடவை கேட்டாள். "இரு, ஒன்னே ஒன்னு" என்றேன்.

8.50க்கு அவளை வளைவில் நிறுத்தினேன். திரையில் ஊதாக் கோடு. கேமராவை அணைத்து நிழலில் வைத்தேன். ஒரு மணி நேரம் காத்திருந்தோம். கோடு போகவில்லை, பிறகு திரையே கறுத்துவிட்டது.

"வுடுடி. கேமரா என்ன பண்ணும், நீ கடுகையே எடுத்துட்டிருந்த" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. புதியதில் எடுத்தேன், இமை மயிர்வரை தெளிவு. "இதுல எங்க மாமியா மாதிரியே இருக்கறேன்" என்று திருப்பிக் கொடுத்தாள்.

போகிறவர்களுக்கு: டிசம்பர், ஜனவரி நல்லது. சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். கேமரா வாங்குவதானால் சிமாஸே வாங்குங்கள். எதுவானாலும் கூட வந்த ஆளை முதலில் எடுங்கள், சோதனையெல்லாம் அப்புறம்.

பர்வீன் போய்விட்டாள். பழைய கேமராவின் கார்டில் அன்று எடுத்த பதினேழு படங்கள் இருக்கின்றன. பதினேழும் கடுகு வயல்.