கண்ணாடியில் வரைந்த அத்தா

நேற்று ஏடிஎம் அறைக்குள் நுழைந்ததும், வெயிலில் வெந்த கண்ணாடியும் அடைத்த காற்றும் கலந்த வாசனை முகத்தில் அடித்தது. குத்தாலம் கடைத்தெருவில் அன்றிருந்த எஸ்டிடி பூத்துக்கும் இதே வாசனைதான். வெள்ளிக்கிழமைதோறும் தொழுகை முடிந்து துபாயிலிருந்து அத்தா அங்கேதான் கூப்பிடுவார். அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்துச் சிரித்துப் பேசுவாள். வீட்டுப் போட்டோவில் விறைப்பாக நிற்கிற அத்தா, அம்மாவை இப்படிச் சிரிக்கவைக்கிற ஆளாக எனக்குத் தோன்றவே இல்லை. அதனால் எதிர் ரைஸ்மில்லின் தவிட்டுத் தூசி படிந்த அந்தக் கண்ணாடியில், உள்ளே அம்மாவின் முகம் மலர்வதையும் சுருங்குவதையும் பார்த்துப் பார்த்து, அவளோடு பேசுகிற அத்தாவை வெளியே நின்று விரலால் வரைவேன். கடைக்கார மாமா துடைத்துவிடுவார், அடுத்த வெள்ளி மூக்கை மாற்றி, கண்ணைப் பெரிதாக்கி, மறுபடி வரைவேன்.

ஒருநாள் வெளியே வந்த அம்மா அதன்முன் நின்றுவிட்டாள்.

“அத்தா மாதிரி இருக்காம்மா?”

“அத்தாவா? இது நீதான்டி.”

கிட்டே போய்ப் பார்த்தேன். கண்ணாடியில் தெரிந்த என் முகம் அந்தக் கோடுகளுக்குள் அப்படியே பொருந்தியது. மாமா வழக்கம்போலத் துணியோடு வந்தார்.

“தொடைக்காதீங்க மாமா” என்றேன், முதல் முறையாக.