குளவிப் பெட்டியில் மாட்டிக்கொண்ட ஈ

இன்று சந்தித்தது யாரைத் தெரியுமா? மார்க்கெட் மாடிப்படிக்குக் கீழே பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் அண்ணனை! ஒரு செத்த ஈக்காக மியூசியத்தோடு இரண்டு வருஷம் மல்லுக்கட்டிய மனுஷன்!

குளவிகளுக்கான கண்ணாடிப் பெட்டியில் பதினாறாவதாக ஊசியில் குத்தியிருந்தது குளவியே இல்லை. மஞ்சள் கோடும் ஒடுங்கிய இடுப்பும் வெறும் வேஷம். மூஞ்சி பார்த்தே பிழைப்பவரை ஏமாற்ற முடியுமா? மார்பைவிட அகலமான தலை. இரண்டே இறக்கை. சந்தேகமே இல்லை, தடித்தலை ஈ!

"மிச்ச ரெண்டு ரெக்கை உடைஞ்சிருக்கும்யா," என்றார் பெட்டிப் பொறுப்பாளர்.

"உடையல சார். அந்த எடத்துல குண்டூசித் தலை மாதிரி குமிழ் இருக்கு பாருங்க. ஈக்குத்தான் அது."

இரண்டு வருஷ நச்சரிப்புக்குப் பிறகு பொறுப்பாளர் பெயர் மாற்ற ஒரு விண்ணப்பத்தை நீட்டினார். "ரெண்டு அங்க அடையாளம், ஒரு போட்டோ. ரெண்டு காதும் தெரியணும். வெள்ளிக்கிழமை பெட்டிய மூடி ஒட்டிடுவோம், அப்புறம் பத்து வருஷம் திறக்க மாட்டோம்."

"ஈக்குக் காது ஏது சார்?"

"அது உங்க பாடு."

வெள்ளிக்கிழமை அண்ணன் கேமராவோடு போனார். பின்னால் வெள்ளை அட்டையைப் பிடிக்க அண்ணி. "கண்ணச் சிமிட்டாதீங்க" என்று அண்ணன் பழக்கதோஷத்தில் ஈயிடம் சொன்னார். இருபது வருஷத்தில் அந்தப் பேச்சைக் கேட்ட முதல் வாடிக்கையாளர் அந்த ஈதான். காது என்ற இடத்தில் 'நீண்ட உணர்கொம்பு இரண்டு' என்று எழுதினார். முதல் அடையாளம், தலை. இரண்டாவதில்தான் பேனா நின்றுவிட்டது. ஏனென்றால் இதே மூஞ்சியோடு இரண்டு வகை உண்டு. எந்த வகை என்று தெரியாமல் பெயர் மாற்ற மாட்டார்களாம். மூஞ்சியையே முறைத்து முறைத்துப் பார்த்தார்.

"ஏங்க, பின்னந்தொடை அடியில மட்டும் இப்படிப் பருத்திருக்கே, அது இருக்கலாமா?" என்றார் அண்ணி.

அண்ணன் லென்ஸைக் கீழே இறக்கினார். ஆமாம்! மற்ற வகைக்குத் தொடை ஒரே சீராக இருக்கும்!

"தோளுக்குக் கீழ ஆளு இருக்குன்னே உங்களுக்குத் தெரியாதே," என்று சிரித்தார் அண்ணி.

"உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது, அவ்வளவு பொடிசா?"

"புதுக் கண்ணாடி."

"எப்போ வாங்கின?"

"மூணு மாசமாச்சு."

மூஞ்சி பார்த்துப் பிழைக்கும் அண்ணன் அப்போதுதான் அண்ணியின் மூஞ்சியைப் பார்த்தார். பொறுப்பாளர் விண்ணப்பத்தில் சத்தமாக முத்திரை குத்தினார்.

சொல்லும்போது அண்ணன் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான்! மியூசியத்தில் இரண்டாவது அறை, ஜன்னலோரம், பதினாறாவது ஊசி. போய்ப் பாருங்கள், நாலு பேருக்குப் பகிருங்கள். தொடையைப் பார்க்காமல் மட்டும் திரும்பி வராதீர்கள்!